முகம் காட்டாத சாட்சியும் ஒரு மெய்நிகர் கமராவும்

பத்திரிகைத் தொழிலில் ஒருவரின் முகத்தை வாசகருக்குக் காட்டுவதற்குப் பட்ட பாட்டுக்குக் குறையாத பாட்டை, சில முகங்களைக் காட்டாமல் விடுவதற்கும் பட்டிருக்கிறோம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் படமொன்று பத்திரிகையில் ஏறவேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் 'புளொக்' செய்யவேண்டும். செலவும் அதிகம், நேரமும் அதிகம். அடையாளம் தெரியக்கூடாத ஒருவரின் படமென்றால், புளொக் செய்யுமுன் புகைப்படத்திலேயே கண்களுக்குக் குறுக்கே கறுப்பு மையால் ஒரு பட்டை இழுத்துவிடுவார்கள். அத்துடன் கடமை முடிந்ததாக ஆசிரிய பீடம் எண்ணிக்கொள்ளும்.

நான் இளம் நிருபராக இருந்த நாட்களில் மூத்தவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. கண்களை மறைத்து ஒரு பத்திரிகை வெளியிட்ட பெண்ணொருத்தியின் படத்தைப் பார்த்த ஊரவர்கள், பத்திரிகை வந்த அன்று காலை பத்து மணிக்கு முன்பே ஆள் யாரென்று சொல்லிவிட்டார்களாம். ஒருவருக்கு அவளின் தோடு தெரிந்தது. இன்னொருவருக்குப் பின்னால் இருந்த கதவின் நிலை தெரிந்தது. அந்தப் பெண் வேறூரிலிருந்த தமக்கையின் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்திரிகையின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று எல்லாப் பத்திரிகைகளும் அதே மையையே பூசின.

ஓய்வுபெற்ற பின்னர் பைத்தன் நிரல்களோடு எனக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தக் கறுப்புப் பட்டைதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

2021 யூலையில் நுண்கடன் பிரச்சினை பற்றி இணையவழிக் கூட்டமொன்று ஏற்பாடாகியிருந்தது. வடக்கு கிழக்கில் போருக்குப் பின்னர் பெண்களைச் சூழ்ந்த இந்தக் கடன் பற்றி வாசகர்கள் அறிவார்கள். வாரந்தோறும் வீடுதேடி வந்து தவணை வாங்குவார்கள். ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகி ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கவேண்டும். 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பும் வந்தது. உச்ச வரம்பே 35 என்றால் அதற்கு முன்னர் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடன்களை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண் ஒருவரும் தன் அனுபவத்தைக் கூட்டத்தில் சொல்லவேண்டும் என்று விரும்பினார்கள்.

வன்னியில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணைச் சந்தித்தபோது அவர் சொன்னது இது:

"ஐயா, என்ர முகம் தெரியக்கூடாது. தவணை எடுக்க வாறவங்களுக்கு மட்டுமில்லை, எனக்குக் கையெழுத்து வைச்ச பெண்டுகளுக்கும் தெரியக்கூடாது. ஆனா நான் சொல்லுறது பொய்யில்லை எண்டு அங்க இருக்கிறவைக்கு விளங்க வேணும்."

கமராவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் போதாதா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வெறுங் குரலெண்டா ஆரும் கதைக்கலாம்தானே. என்ர காட்டைக் காட்டவேணும். அதைப் பிடிச்சிருக்கிற கையையாவது காட்டுங்கோ" என்றார். காட் என்று அவர் சொன்னது தவணை குறித்த கடன் அட்டையை. நான்கு அட்டைகள் வைத்திருந்தார். ஒன்றை அடைக்க மற்றொன்று.

என் தம்பியின் மகன் கணினித் துறையில் இருக்கிறான். பெறாமகனிடம் விடயத்தைச் சொன்னதும் அவன் உடனே மெய்நிகர் கமராவைப் பற்றிச் சொன்னான்.

அதை நான் விளங்கிக்கொண்டவாறு சொல்கிறேன். காணொளி என்பது ஓடும் படமல்ல, அடுத்தடுத்து வரும் நிலைப்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு சட்டகம். கணினிக்கு அது எண்களின் அட்டவணை மட்டுமே. அகலம் 1280, உயரம் 720 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. ஒரு சட்டகத்துக்கு 2,764,800 எண்கள். விநாடிக்கு 20 சட்டகங்கள் அனுப்பினால் ஐந்தரைக் கோடிக்கு மேல். கூட்டச் செயலி வழமையாக இவற்றைக் கமராவிடமிருந்து நேரே வாங்கிக்கொள்கிறது. மெய்நிகர் கமரா என்பது பொருளாக இல்லாத கமரா. பெயர் மட்டும் கணினியின் கமராப் பட்டியலில் இருக்கும். அதற்குள் நாம் எந்த எண்களை ஊற்றுகிறோமோ அவையே மறுமுனையில் படமாக வடியும். லினக்ஸ் கணினியில் வீ4எல்2லூப்பேக் என்ற சிறு தொகுதி இத்தகைய வெற்றுக் கமராவை உருவாக்குகிறது. விண்டோஸ், மக் கணினிகளுக்கு ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் 2020இலிருந்து தன்னுடனேயே ஒன்றைக் கொண்டு வருகிறது. பைத்தனிலிருந்து இவற்றுக்குச் சட்டகம் அனுப்புவதற்கு பைவர்ச்சுவல்கேம் என்ற நூலகம் உண்டு. அகலம், உயரம், விநாடிக்கு எத்தனை என்று சொல்லித் திறக்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு சட்டகமாக 'அனுப்பு' என்று கட்டளையிட்டு, அடுத்ததற்கு நேரம் வரும்வரை உறங்கச் சொல்லவேண்டும். எல்லாமாகப் பதினைந்து வரி.

முதல் நாள் அவன் செய்து காட்டியபோது எங்கள் முகங்கள் நாடகக் கொட்டகைக் கிருஷ்ணனைப் போல நீலமாக வந்தன. ஓபன்சிவி என்னும் மற்ற நூலகம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று எதிர்வரிசையில் தருகிறதாம். இதுவோ சிவப்பை முதலில் எதிர்பார்க்கிறது. எந்த வரிசை என்று திறக்கும்போதே சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

பெறாமகனின் முதல் யோசனை யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கமராவிலிருந்து சட்டகம் வருகிறது, முகம் எங்கே இருக்கிறதென்று நிரல் கண்டுபிடிக்கிறது, அந்தச் சதுரத்தை மங்கலாக்குகிறது, அனுப்புகிறது. முகம் கண்டுபிடிக்கும் கோப்பு ஓபன்சிவியுடனேயே வருகிறது. போல் வயோலாவும் மைக்கல் ஜோன்ஸும் 2001இல் வெளியிட்ட முறையை அடியொற்றியது. இருபத்தைந்து நிமிடப் பேச்சுக்கு முப்பதாயிரம் சட்டகங்கள். ஆயிரத்துக்கு ஒன்று தவறினால் முப்பது சட்டகங்களில் முகம் அப்படியே வெளியே போகும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை விநாடிதான். கூட்டத்தில் இருக்கும் ஒருவர் திரையைப் படம் பிடிக்க அதில் ஒன்று போதும்.

தவறுவதும் எழுந்தமானத்தில் நிகழ்வதில்லை. நேர்முகத்துக்குப் பழக்கிய கண்டறிவான் தலை பக்கவாட்டில் திரும்பும்போது தடுமாறும். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தால் பாதி முகம் மறைய, இது முகமல்ல என்று விட்டுவிடும். மங்கலான வெளிச்சத்தில் கைவிடும். அழுகிற நேரத்தில், உள்ளதைச் சொல்லும் நேரத்தில், அது காட்டிக்கொடுக்கும். நிறமும் ஒரு சேதி. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை 2018இல் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் ஆராய்ந்தபோது, கருநிறப் பெண்களிடத்தில் தவறு 34.7 சதவீதம்வரை சென்றது. வெண்ணிற ஆண்களிடத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அது வேறு வேலைக்கான மென்பொருள்தான். எனினும் எங்கள் பெண்ணொருத்தியின் பாதுகாப்பை இந்த வகைக் கண்களிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

மங்கலாக்குவதையும் பெரிதாக நம்பக்கூடாது. 2007இல் இன்டர்போல் தேடிய குற்றவாளி ஒருவன் தன் முகத்தைச் சுழியாகச் சுழற்றி மறைத்த படங்களை, ஜேர்மன் பொலிஸ் நிபுணர்கள் எதிர்த்திசையில் சுழற்றி முகத்தை மீட்டார்கள். ஆள் தாய்லாந்தில் பிடிபட்டான். 2016இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், கட்டம் கட்டமாக்கிய முகங்களைக்கூட, தெரிந்த முகங்களின் தொகுதியொன்று கையில் இருந்தால் கணினியால் இனங்காண முடியும் என்று காட்டினார்கள். ஒரு கிராமம் என்பது தெரிந்த முகங்களின் தொகுதிதானே.

ஆகவே, "நீ முழுப்படத்தில் தொடங்கி மறைக்கிறாய். கறுப்பில் தொடங்கிக் காட்டினால் என்ன?" என்று கேட்டேன்.

அவன் சில விநாடி பேசவில்லை. பின்னர், "அப்பிடியெண்டா முகம் தேடுற வேலையே இல்லை, பெரியப்பா" என்றான்.

நிரலை மாற்றி எழுதினான். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் முழுவதும் பூச்சியங்களால் ஆன அட்டவணை ஒன்று பிறக்கும். அதாவது முழுக் கறுப்பு. கமராவிலிருந்து வரும் சட்டகத்தில், மேசையின்மேல் நாம் அளந்து குறித்த நீள்சதுரம் மட்டும் அந்தக் கறுப்பின்மீது பிரதி செய்யப்படும். மற்றதைப் பற்றி நிரலுக்கு அக்கறையே இல்லை. கமரா அறுந்தால் கறுப்பு. கணக்குப் பிழைத்தால் கறுப்பு. நிரலில் எந்த வரி தடுக்கினாலும் அந்தச் சுற்றில் பிறந்த கறுப்பே வெளியே போகும். முன்னைய முறையில் ஒரு வரி தடுக்கினால் முகம் வெளியே போகும். இரண்டு நிரலும் ஏறத்தாழ ஒரே நீளந்தான்.

நிரல் முற்றாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பைத்தன் நிரல் ஓடும்வரை உண்மையான கமரா அதன் பிடியில் இருக்கும், வேறு செயலி தொடமுடியாது. நிரல் செத்தால் பிடி விட்டுப்போகும். அந்தப் பதற்றத்தில் யாராவது கூட்டச் செயலியில் கமராவை மாற்ற முனைந்தால், மடிக்கணினியின் மூடியிலுள்ள கமரா முகத்துக்கு நேரே விழித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பைத்தனில் மருந்தில்லை. கறுப்பு ஒட்டுநாடா இரண்டு துண்டுகளை அதன்மேல் ஒட்டினோம். முகநூல் நிறுவனர் மார்க் சக்கர்பேர்க் தன் மடிக்கணினியின் கமராவில் நாடா ஒட்டியிருந்தது 2016இல் ஒரு படத்தில் தெரியவந்து உலகம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வெளிக் கமராவை ஒரு தாங்கியில் பூட்டி, மேசையை மட்டும் நோக்கிக் கீழே பார்க்கச் செய்தோம். அதனால் எந்த வழியில் எது தவறினாலும் தெரியக்கூடியது மேசைதான்.

இன்னொரு காப்பும் வைத்தோம். சட்டகங்களை உடனே அனுப்பாமல் எண்பதை வரிசையில் பிடித்துவைத்து, எண்பத்தோராவது வரும்போது முதலாவதை அனுப்புவது. நான்கு விநாடித் தாமதம். கணினி நினைவகத்தில் சுமார் 221 மெகாபைட் பிடிக்கும், பெரிதல்ல. பெறாமகன் தன் திரையில் நிகழ்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏதாவது தென்பட்டால் ஒரு விசையை அழுத்துவான். வரிசை முழுவதும் கறுப்பாகிவிடும். வானொலியில் நேயர் அழைப்பு நிகழ்ச்சிகளுக்கு இத்தகைய தாமதம் வைப்பதுண்டு. மெய்நிகர் கமரா ஒலியைச் சுமப்பதில்லை என்பதால், சாதாரணமாக இப்படிச் செய்தால் உதடும் சொல்லும் பொருந்தாது. இங்கே உதடே இல்லை. குரலும் இல்லை, ஏனென்றால் குரலும் அடையாளந்தான். அவர் பேசும்போது ஒலிவாங்கி மூடியிருக்கும். அருகே அமர்ந்த ஆசிரியை ஒருவர் குறிப்பெடுத்து, பின்னர் ஒலிவாங்கியைத் திறந்து சிங்களத்தில் சொல்வார்.

படத்தின் கீழே, அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது, படம் நான்கு விநாடி பிந்தியது என்று ஒரு வரி எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மறைப்பதை மறைக்கக்கூடாது என்பது பத்திரிகையில் பழகிய பழக்கம். ஓபன்சிவிக்குத் தமிழ் எழுதத் தெரியாது, வினாக்குறிகளாகக் கொட்டியது. இன்னொரு நூலகம் எழுதியது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் கொம்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு எழுத்தைத் தேடுவார்கள், ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை. வழியுண்டு என்றான் பெறாமகன், ஆனால் நேரமில்லை. அந்த வரியைத் தனியே படமாகச் செய்து கறுப்பின்மேல் ஒட்டிவிட்டோம்.

ஒத்திகைக்கு என் மனைவி மேசையில் அமர்ந்தார். கடன் அட்டைக்குப் பதில் மின்சாரப் பட்டியலைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சரியென்று நாங்கள் இருவரும் திருப்திப்பட்டபோது, "உந்தப் பேணியை எடுங்கோ" என்றார். தேநீர் குடித்த எவர்சில்வர் பேணி மேசையில் இருந்தது. அதன் வயிற்றில், வளைந்து நீண்டு, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி, அவரின் முகம். கறுப்பில் தொடங்கினாலும், நீள்சதுரத்தை அளந்தாலும், முகம் வருவதற்கு வேறு வழி வைத்திருந்தது. பேணி போனது. மேசைக்கு வெளிறிய துணி விரித்தோம். காப்பு, மோதிரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. குனிந்தால் உச்சி தெரிந்தது என்பதால் நீள்சதுரத்தைச் சுருக்கினோம். அட்டையின் இலக்கத்துக்கும் கையொப்பத்துக்கும் மேல் தாள் ஒட்டுவதென்றும், படத்தை 320க்கு 180 ஆகச் சுருக்கி மீண்டும் பெருப்பித்து நிறத்தையும் நீக்கி அனுப்புவதென்றும் தீர்மானித்தோம். மணிக்கட்டில் தழும்பொன்று இருந்தால்கூட அந்த அளவில் கரைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் எழுகிற கேள்வியைக் கூட்டத்தை நடத்தியவர்களே கேட்டார்கள். இப்படி ஒரு கையைக் காட்டினால் அது யாருடைய கையென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. அந்தப் பதினைந்து வரியால் எதையும் ஊற்றலாம். 2022 யூனில் பேர்லின் நகர முதல்வர் பிரான்சிஸ்கா கிபை, கீவ் நகர முதல்வர் விட்டலி கிளிச்கோ என்று நம்பி ஒருவருடன் காணொளியில் உரையாடினார். இடையில் ஐயுற்று உரையாடல் முறிந்தது. செயற்கை நுண்ணறிவு செய்த போலி முகம் என்று முதலில் சொன்னார்கள். கிளிச்கோ முன்னர் வழங்கிய உண்மையான நேர்காணலின் காட்சிகளே பயன்பட்டிருந்தன என்று பின்னர் ஜேர்மன் ஊடகவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் வெளிவந்தது இன்னும் கொடியது. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த காணொளிக் கூட்டத்தை நம்பிச் சுமார் 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். அங்கே அவரைத் தவிர மற்ற அனைவரும் போலி.

நாங்கள் கூட்டம் நடத்திய 2021இல் இவை நிகழ்ந்திருக்கவில்லை. ஆனால் கேள்வி ஏற்கெனவே இருந்தது, படத்தால் அதற்குப் பதில் சொல்லமுடியாது என்பதும் தெரிந்தே இருந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னர், நடத்தியவர்கள் தெரிவுசெய்த சட்டத்தரணி ஒருவர் நேரில் வந்து அந்தப் பெண்ணுடன் இரண்டு மணி நேரம் பேசினார். நான்கு அட்டைகளையும் பார்த்தார். கூட்டத்தில் முகத்தைக் காட்டி, தன் பெயரைச் சொல்லி, இவரை எனக்குத் தெரியும், ஆவணங்களைப் பார்த்தேன் என்று அவர் பொறுப்பேற்றார். செய்தியாளன் பெயர் சொல்லாத இடத்தில் செய்தியாசிரியர் பொறுப்பு நிற்பது போலத்தான். குழுக்கடனிலும் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது, அதை நான் சொல்லவில்லை.

கூட்டம் நாற்பது நிமிடம் பிந்தித் தொடங்கியது. அவர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். கைகள் முதலில் அட்டைகளை ஒழுங்காக அடுக்கின. எந்தக் கடனை எடுத்து எந்தக் கடனைக் கட்டினார் என்று சொல்லும்போது, சீட்டாடுபவரைப் போல ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்திக் காட்டினார். தவணை எடுப்பவர் இரவு எட்டு மணிவரை வாசலில் அமர்ந்திருந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது கைகள் சட்டகத்திலிருந்து மறைந்துவிட்டன. முகத்தைத் துடைக்கப் போயிருந்தன. திரையில் வெறும் துணியும் நான்கு அட்டைகளும். பெறாமகனின் விரல் விசைக்கு மேலே நின்றது, அழுத்தவில்லை. அழுத்த எதுவும் இருக்கவில்லை. ஹிங்குராக்கொடையிலிருந்து வந்திருந்த பெண்ணொருவர் அந்த இடைவெளியில் எதுவோ சொன்னார். எங்களுக்கும் அட்டைகள் இருக்கின்றன என்று ஆசிரியை மொழிபெயர்த்தார். தொடர்ந்து திரையிலிருந்த சின்னஞ் சிறு பெட்டிகளில் மூன்று நான்கு பேர் தங்கள் அட்டைகளைக் கமராவுக்கு நேரே பிடித்தார்கள்.

முடிந்தபின் தன்னை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று காட்டும்படி கேட்டார். நாங்கள் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. நிரலை மீண்டும் ஓடவிட்டு மேசையில் கையை வைக்கச் சொன்னோம். அவர் விரலை அசைத்தார். நான்கு விநாடி கழித்துத் திரையிலும் அசைந்தது. மறுபடி அசைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"பிறத்தியாற்ற கை மாதிரிக் கிடக்கு" என்றார்.

பின்னர் வேறு இரு அமைப்புகள் அந்த நிரலைக் கேட்டன. ஒன்று, கறுப்புப் பெட்டி பார்ப்பதற்கு அழகாக இல்லை, முகத்தை அழகாக மங்கலாக்கித் தரமுடியுமா என்றும் கேட்டது. பெறாமகன் நிரலை அனுப்புமுன் முதலில் ஒரு தாளை எழுதி அனுப்பினான். மேசையின் நீள அகலம், கமராத் தாங்கியின் உயரம், துணியின் நிறம், ஒட்டுநாடா எங்கே எத்தனை துண்டு, பேணி கூடாது.